வந்த நேரம்

போன மாதம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஒரு வேலையை என் தலையில் கட்டினார்கள். "சார், நீங்க கம்பெனியில லெட்டர் எழுதிப் பழகினவர். ஒரு பெட்டிஷன் டிராஃப்ட் பண்ணிக் குடுங்க. போலீசுக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு" என்றார் செயலாளர்.

விஷயம் இதுதான். புழலைத் தாண்டி நாங்கள் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது சுற்றிலும் வெறும் பொட்டல். இப்போது எங்கள் நகருக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், கிரிக்கெட் மைதானம் இரண்டு சேர்ந்தாற்போல ஒரு குடோன் வந்திருக்கிறது. ஆன்லைனில் வாங்கும் சாமான்களெல்லாம் அங்கிருந்துதான் போகிறதாம். அதற்கு வரும் லாரிகள் உள்ளே இடம் கிடைக்காமல் எங்கள் தெரு முனையிலிருந்து பெரிய ரோடு வரை வரிசை கட்டி நிற்கின்றன. ஸ்கூல் வேன் திரும்ப முடியவில்லை. ராத்திரி இன்ஜின் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்தான் டிரைவர்களுக்குக் கழிப்பறை. அந்த வீட்டு அம்மா கூட்டத்தில் எழுந்து, "காலையில ஜன்னலைத் திறக்க முடியலை சார். வயசுப் பொண்ணு வீட்டுல இருக்கு" என்று சொன்னபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அந்த அம்மா சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேஜையில் உட்கார்ந்து 'பொருள்: குடியிருப்புப் பகுதியில் கனரக வாகனங்கள் சட்டவிரோதமாக நிறுத்தப்படுவது குறித்து' என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மூன்று நாள் ஓடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்கு மாதவரம் குடோன் ஞாபகம் இருக்கலாம். நான் 1979-ல் ஒரு சோப்பு கம்பெனியில் (பெயர் வேண்டாம், இன்றைக்கும் பென்ஷன் வருகிறது) டெஸ்பாட்ச் கிளார்க்காகச் சேர்ந்து, குடோன் இன்சார்ஜ் ஆகி, 2012-ல் ஓய்வு பெற்றேன். முப்பத்து மூன்று வருடம் லாரிகளை நிற்கவைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். இன்றைக்கும் ரோட்டில் லாரியைப் பார்த்தால் கண் முதலில் நம்பர் பிளேட்டுக்குத்தான் போகும். டி.என். 28 என்றால் நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி. எங்கள் சரக்கு நாக்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வரும். ஐதராபாத், ஓங்கோல், நெல்லூர், கும்மிடிப்பூண்டி செக்போஸ்ட், பிறகு நாங்கள். ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சொச்சம். அந்தக் காலத்து ரோட்டில் மூன்று நாளைக்குக் குறையாது. அவ்வளவு தூரம் ஓட்டிவந்த மனுஷன் கடைசி நூறு அடிக்காக இரண்டு நாள் காத்திருப்பான். என் கையெழுத்துக்காக இன்னும் அரை நாள்.

வெளியாட்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சரக்கு வந்தால் இறக்கிவிட வேண்டியதுதானே, நிற்கவைப்பதில் கம்பெனிக்கு என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. தொழிற்சாலைக்கு மாதக் கணக்கு முடிய வேண்டும். ஆகவே கடைசி வாரத்தில் இருப்பதையெல்லாம் ஏற்றி அனுப்பிவிடுவான். எங்கள் விற்பனைக்காரர்களும் மாதக் கடைசி மூன்று நாளில்தான் டீலர்களின் கழுத்தைப் பிடித்துச் சரக்கைத் தள்ளுவார்கள். அதுவரை குடோனில் எள் போட இடமிருக்காது. உள்ளே இடமில்லாத சரக்கு வெளியே லாரியிலேயே இருக்கும். இன்னொரு குடோன் வாடகைக்கு எடுத்தால் பணம் கொடுக்க வேண்டும். லாரி நின்றால் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். வெளியே நின்ற ஒவ்வொரு லாரியும் எங்கள் கம்பெனிக்கு வாடகையில்லாத குடோன். டிரைவர்தான் அதன் சம்பளமில்லாத வாட்ச்மேன்.

'ஹால்டிங் சார்ஜ்' என்று ஒன்று உண்டே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். உண்டு. டிரான்ஸ்போர்ட் ஒப்பந்தத்தில் டைப் அடித்தே இருந்தது. வந்து சேர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் நாள் ஒன்றுக்கு இத்தனை ரூபாய். ஆனால் 'வந்து சேர்ந்தது' எப்போது? எங்கள் கேட் ரிஜிஸ்தரில் 'வந்த நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். லாரி கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும்போது அதை எழுத மாட்டோம். உள்ளே கூப்பிட்டு, சக்கரம் கேட்டைத் தாண்டும்போதுதான் வாட்ச்மேன் எழுதுவார். வெளியே நான்கு நாள் நின்றிருந்தாலும் கணக்குப்படி அந்த லாரி இப்போதுதான் வந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. எனக்குப் பின்னால் வந்த பையன்களுக்கு நானும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

டிரைவருக்கு அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று நான் தினமும் பார்த்தவன்தான். சம்பளம் டிரிப் கணக்கு. சக்கரம் உருண்டால்தான் காசு. ஓனர் கொடுத்த பேட்டாவில் நின்ற இடத்திலும் சாப்பிட வேண்டும். பகலில் கேபின் அடுப்பு மாதிரி கொதிக்கும். லாரிக்கு அடியில் தார்ப்பாய்க் கயிற்றில் தூளி கட்டிப் படுப்பார்கள். பம்ப் ஸ்டவ்வில் சோறு வடித்து, தக்காளியும் சின்ன வெங்காயமும் போட்டு ஒரு குழம்பு. வாசனை என் அறை வரைக்கும் வரும். வண்டியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் டீசல் போகும், ஸ்டெப்னி போகும், இல்லாவிட்டால் வரிசையில் இடம் போகும். குடிக்கத் தண்ணீர் டீக்கடையில். கழிப்பறை எங்கள் காம்பவுண்டுக்குள் ஒன்று இருந்தது. அது 'ஸ்டாஃப்' கழிப்பறை, சாவி என் மேஜை டிராயரில். டிரைவர்கள் எங்கே போனார்கள் என்று நான் அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் பின் சுவர் ஏன் நாறியது என்று மட்டும் வாட்ச்மேனைத் திட்டியிருக்கிறேன்.

பதினெட்டு வருடம் என்று சொன்னேன் அல்லவா, 1997 வரைக்கும்.

அந்த வருடம் மார்ச் 27, வியாழக்கிழமை விடிகாலை ஒரு நாமக்கல் லாரி வந்து நின்றது. 620 பெட்டி சோப்பு. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, தோளில் பச்சைத் துண்டு. கிளீனர் பையன் ஊரில் காய்ச்சல் என்று வரவில்லையாம். தனியாகவே ஓட்டி வந்திருந்தார். பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்து, "எப்போங்க சார் எறக்குவீங்க?" என்றார். "கூப்பிடுவாங்க, வெளியில இரு" என்றேன். வயதில் என்னைவிடப் பெரியவர். ஒருமையில்தான் பேசினேன். அப்போதெல்லாம் அப்படித்தான் பேசினோம் என்று சொல்வது சமாதானம் ஆகாது.

மறுநாள் புனித வெள்ளி, விடுமுறை. சனிக்கிழமை பில் போடவே நேரம் போதவில்லை. ஞாயிறு மூடல். திங்கள் மார்ச் 31. வருடக் கணக்கு முடிகிற நாள். காலையிலேயே ரீஜனல் ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டது. "ஒரு பெட்டிகூட உள்ளே எடுக்காதீங்க. குளோசிங் ஸ்டாக் ஏற்கெனவே ஜாஸ்தியா இருக்கு." வெளியே ஒன்பது லாரி நின்றது. ஏப்ரல் 1 பகல் முழுக்க ஸ்டாக் எண்ணிக்கை, ஆடிட்டர் வந்திருந்தார், இறக்க முடியாது. அன்று ராத்திரி ஏழரை மணிக்குத்தான் முதல் லாரியை உள்ளே விட்டோம். இவருடைய முறை வந்தபோது மணி பதினொன்று. ஆறாவது நாள். ரிஜிஸ்தரில் 'வந்த நேரம்: 1.4.97 இரவு 11.05'.

லோடுமேன்கள் காலையிலிருந்து உழைத்துக் களைத்திருந்தார்கள். ஸ்டாக் எடுக்கப் பெட்டிகளைப் புரட்டிப் போட்டது அவர்கள்தானே. ஒருவர் லாரியில் நின்று எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தலையில் சுமந்து வந்து அட்டி போடுவார்கள். கதவருகே எங்கள் ஆள் நின்று ஐந்தைந்தாகக் கோடு கிழித்து எண்ணுவான். ஒரு மணிக்கு முடிந்தது. 618 என்றான். இரண்டு குறைகிறது.

நான் லாரி ரசீதின் பின்னால் '2 பெட்டி குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சீல் குத்தினேன். அப்படி எழுதினால் டிரான்ஸ்போர்ட்காரர் வாடகையில் பிடிப்பார், லாரி ஓனர் டிரைவர் கணக்கில் பிடிப்பார். இரண்டு பெட்டியும் சேர்ந்து அன்றைய விலைக்கு 1,700 ரூபாய் சொச்சம்.

அவர் சத்தம் போடவில்லை. "சார், கட்டுன கவுறு கட்டுன மாதிரியே இருந்துச்சுங்க. உங்க ஆளுங்கதான் அவுத்தாங்க. ஆறு நாளும் வண்டிக்கு அடியிலதானுங்க படுத்திருந்தேன். இன்னொருக்கா எண்ணிப் பாத்துருங்க சார்" என்றார்.

மறுபடி எண்ணலாம். அட்டியைச் சுற்றி வந்து நீளம், அகலம், உயரம் பெருக்கினால் பத்து நிமிட வேலை. ஆனால் இவர் சரக்கைச் சுவரோரம் பழைய அட்டிக்கு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பிரித்தால்தான் தெரியும். லோடுமேன்கள் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே இன்னும் நான்கு லாரி. எனக்குத் தலைவலி.

"கையெழுத்துப் போட்டாச்சுப்பா. எதுவா இருந்தாலும் உங்க டிரான்ஸ்போர்ட்ல பேசிக்கோ."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தார்ப்பாயைத் தனியாளாகச் சுருட்டிக் கேபின் மேலே ஏற்றிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அந்த அட்டி டீலர்களுக்குப் போயிற்று. கணக்குப்படி அந்த இடம் காலியாகியிருக்க வேண்டும். பையன் வந்து, "சார், சுவரோரம் ரெண்டு பெட்டி நிக்குது" என்றான். போய்ப் பார்த்தேன். பெட்டியில் பேட்ச் நம்பர் அச்சடித்திருக்கும். அந்த பேட்சில் எங்களுக்கு வந்தது அந்த ஒரு லோடுதான். சந்தேகத்துக்கே இடமில்லை.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருந்தால் டிரான்ஸ்போர்ட்காரருக்குப் பணம் திரும்பிப் போயிருக்கும். ஆனால் கடிதம் எழுதினால், எண்ணிக்கை எப்படித் தவறியது, மறுபடி எண்ணக் கேட்டும் ஏன் எண்ணவில்லை என்று விளக்கம் கேட்பார்கள். ஜூனில் எனக்கு இன்சார்ஜ் பதவிக்கு இன்டர்வியூ. அதோடு, அந்த மாதம் எலி கடித்துப் பாழான பெட்டிகள் இரண்டு என் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன. எலி சோப்புத் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. ருசித்துத் தின்னும். எலிப்பொறி வைக்கத் தவறியது என் பொறுப்பு. புரிந்திருக்கும் உங்களுக்கு. கூடுதலாக வந்த இரண்டை எடுத்து, எலி கடித்த இரண்டின் இடத்தில் வைத்தேன். கணக்கு நேரானது. ஜூனில் இன்சார்ஜ் ஆனேன்.

அதை நான் திருட்டு என்று அப்போது நினைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு சோப்புக்கட்டிகூட எடுத்துப்போகாதவன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

நவம்பரில் அவர் மறுபடி வந்தார், வேறொரு ஓனருடைய வண்டியில். நல்ல மழை. நான்தான் முதலில் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி டீ வாங்கி வரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் கோபமும் இல்லாமல், ஊர் விஷயம் விசாரிப்பது போலக் கேட்டார்.

"ஏனுங்க சார், அந்த ரெண்டு பொட்டி அப்புறம் ஆப்பட்டுச்சுங்களா?"

நான் "இல்லையே" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "தேடிப் பாத்தோம், கிடைக்கலை" என்று ஒரு வால் வேறு சேர்த்தேன்.

"சரிங்க. காசு போனாப் போச்சுங்க. அந்த ஓனருகிட்ட பன்னண்டு வருசமா ஓட்டுனேன். பொட்டி எடுத்துட்டான்னு பேரு ஆயிருச்சுங்களே, அதான்" என்றார்.

அன்றைக்கு அவர் வண்டியை வரிசையை மீறி முதலில் இறக்கினேன். மழையில் நின்ற மற்ற டிரைவர்கள் அவரைப் பார்த்து, "என்னண்ணே, எவ்வளவு வெட்டுனீங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் செய்ய நினைத்த பிராயச்சித்தம், அவருக்கு லஞ்சம் கொடுத்தவர் என்ற பெயரையும் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் குடோனுக்கு வரவேயில்லை.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

அதன்பின் சில காரியங்கள் செய்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். டிரைவர் முன்னால் அட்டியை எண்ணாமல் 'குறைவு' என்று எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கழிப்பறைச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, கேட்டுக்கு வெளியே ஒரு குழாயும் போட்டேன். தண்ணீர்ச் செலவு பற்றி ஒரு மெமோ வந்தது, பதில் எழுதிச் சமாளித்தேன். மூன்றாவதாக ஒன்றும் செய்து பார்த்தேன். லாரி வெளியே வந்து நின்ற உடனே நேரத்தைக் குறிக்க ஒரு தனி நோட்டுப் போட்டேன். இரண்டே மாதம். டிரான்ஸ்போர்ட்காரர்கள் அதைக் காட்டி ஹால்டிங் பில் அனுப்ப ஆரம்பித்தார்கள். ரீஜனல் மேனேஜர் நேரிலேயே வந்து, நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க கம்பெனிக்கு வேலை பார்க்கறீங்களா, லாரிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போது இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பழைய ரிஜிஸ்தருக்கே திரும்பிவிட்டேன்.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன். பெட்டிஷன் ஓடாத மூன்றாவது நாள் காலை, நடைப்பயிற்சிக்குப் போகும்போது வரிசையை எண்ணினேன். பதினேழு லாரி. டி.என். 88 ஒன்று நின்றது. அதுவும் நாமக்கல்தான், அந்த ஊர் இப்போது ஒரு நம்பருக்குள் அடங்குவதில்லை. இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் இறங்கி வந்து, "ஐயா, இங்க பக்கத்துல பாத்ரூம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டான். பெட்ரோல் பங்க் இரண்டு கிலோமீட்டர். வண்டியை விட்டுப் போக முடியாது, இப்போதெல்லாம் கிளீனரே கிடையாது. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வேலையாட்களுக்காகக் கட்டிய கழிப்பறை இருக்கிறது. வா என்று கூட்டிப்போனேன். அதுவரை வண்டிக்கு முன்னால் நின்ற டிரைவர் பார்த்துக்கொண்டார்.

முகம் கழுவிக்கொண்டு வந்தவனுக்கு என் மனைவி காபி கொடுத்தாள். பேச்சுக் கொடுத்தேன். இந்தக் குடோனில் நினைத்த நேரத்துக்கு லாரி வர முடியாதாம். சரக்கு அனுப்புகிறவர் முன்பே கம்ப்யூட்டரில் நேரம் வாங்க வேண்டும், 'ஸ்லாட்'. இவனுக்கு முந்தின நாள் காலை பத்து மணி. லாரி ஒரு மணி நேரம் தாமதமானால் ஸ்லாட் போய்விடும், அடுத்தது கிடைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். பயந்துகொண்டு விடிகாலை ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டான். பத்து மணி வந்தது, போனது. குடோன்காரன் இருபது மணி நேரம் தாமதித்தால் என்ன தண்டனை என்று கேட்டேன். சிரித்தான்.

"அவிய லேட்டு ஆனா சிஸ்டம் ஸ்லோங்க. நாம லேட்டு ஆனா ரிஜெக்ட்டுங்க."

உள்ளே போனாலும் வண்டியை விட்டு இறங்க ஷூ வேண்டும், மேலே ஒளிரும் கோட்டு வேண்டும், செருப்போடு விடமாட்டார்கள். வரிசையில் இருப்பவர்களுக்குள் ஒரே ஜோடி ஷூ கைமாறிக்கொண்டிருக்கிறதாம். "எனக்கு ஒம்பதாம் நம்பருங்க. அது ஏழு. குதிகாலை மடக்கிப் போட்டுக்குவேன்." போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும்போது ஓனர் இருபது தடவை கூப்பிட்டு, எடுக்கவில்லை என்று திட்டுவார்.

நான் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். ரோடு எவ்வளவோ மாறிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் செக்போஸ்ட்டுகளை எடுத்துவிட்டார்கள். சுங்கச்சாவடியில் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரே பணம் கட்டிவிடுகிறது. நாக்பூரிலிருந்து நாங்கள் மூன்று நாள் எதிர்பார்த்த லாரி இன்றைக்கு இரண்டு நாளில் வந்துவிடும். அப்படி மிச்சம் பிடித்த நேரத்தை எங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்றால், கேட்டுக்கு வெளியே. இதில் இ-வே பில் என்று ஒரு புதுக் கவலை. 2021-லிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். அந்தப் பையன் பில் இரவு பன்னிரண்டு மணிக்குக் காலாவதி ஆக இருந்திருக்கிறது. யார் யாருக்கோ போன் போட்டு நீட்டித்திருக்கிறான். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நிற்கிற வண்டியில் ஏசி ஓடவேண்டுமென்றால் இன்ஜின் ஓடவேண்டும், டீசலுக்கு ஓனர் கணக்குக் கேட்பார். கழிப்பறைக்கு எந்த ஏசியும் உதவாது.

கடைசியாக ஒன்று கேட்டேன். "ஹால்டிங் தருவாங்களா தம்பி?"

"கேட்டுல ஸ்கேன் பண்ணுனதுல இருந்துதானுங்க கணக்கு. அதுக்கு முந்தி நாம வரவே இல்லீங்க."

என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் ரிஜிஸ்தரை யாரோ அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள்.

அன்றைக்குப் பெட்டிஷன் எழுதி முடித்தேன். போலீசுக்கு இல்லை. குடோன் நிர்வாகத்துக்கு, நகல் கலெக்டருக்கு. உள்ளே காலியாகக் கிடக்கும் மேற்குப் பக்கத்து இடத்தை லாரி நிறுத்தத் திறந்துவிட வேண்டும், அங்கே குழாயும் கழிப்பறைகளும் கட்ட வேண்டும், ஒரு நேரத்துக்கு இத்தனை லாரிதான் இறக்க முடியும் என்றால் அத்தனைக்குத்தான் ஸ்லாட் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருந்தேன்.

கூட்டத்தில் படித்தபோது செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சார், நாம கம்ப்ளெயிண்ட் குடுக்கச் சொன்னா, நீங்க லாரிக்காரனுக்கு வசதி கேட்டு எழுதியிருக்கீங்க" என்றார். ரீஜனல் மேனேஜர் குரல் போலவே இருந்தது. போலீஸ் வந்து விரட்டினால் லாரிகள் அடுத்த தெருவில் போய் நிற்கும், ராத்திரி திரும்பி வரும், டிரைவருக்கு அபராதம் விழும், குடோனுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை என்று சொன்னேன். நிறையப் பேசினேன் போலிருக்கிறது. கடைசி வீட்டு அம்மா இடையில் எழுந்து, "சார், ஒரு மாசம் பார்ப்பேன். கக்கூஸ் கட்டலைன்னா நானே போலீசுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டு முதல் கையெழுத்தைப் போட்டார். அதற்குப் பிறகு பத்துப் பேர் போட்டார்கள். செயலாளர் இன்னும் போடவில்லை. யோசிக்கிறாராம்.

வெறும் மனுவை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று முப்பத்து மூன்று வருட அனுபவம் சொன்னது. அதனால் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். காலை, மதியம், மாலை, படுக்கப்போகும் முன் என்று நாலு வேளை தெரு முனைக்குப் போய், புதிதாக வந்த லாரிகளின் நம்பரைக் குறிக்கிறேன். எத்தனை மணிக்கு வந்தது என்று டிரைவர்களே சொல்கிறார்கள். நான் இல்லாத நேரத்தில் டீக்கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைக்கிறார். உள்ளே போகும்போது டிரைவர்கள் கை காட்டிவிட்டுப் போகிறார்கள், அந்த நேரத்தையும் எழுதிக்கொள்கிறேன். நான்காம் நாள் குடோன் செக்யூரிட்டி வந்து, "யார் சார் நீங்க, எதுக்கு எழுதறீங்க?" என்று கேட்டார். "ரிட்டயர்ட் ஆளுப்பா, பொழுதுபோக்கு" என்றேன்.

இன்றோடு பன்னிரண்டு நாள், 143 லாரி. முதல் பக்கத்தில் முதல் வரி அந்த டி.என். 88. வந்த நேரம் காலை 5.45. உள்ளே போன நேரம், மறுநாள் மாலை 4.10.